நிலவறைக்கு வெட்டிய சட்டை

இன்ச் மாஸ்டர் தும்முவதாக இருந்தால்கூட, முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் தும்முவார். முப்பத்தோரு வருஷம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. ஒருநாள் அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனபோது, பழைய வாடிக்கையாளர் ஒருவர் அவரிடமே வந்து, "மாஸ்டர் எப்ப வருவார்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மாஸ்டரின் கண் தன் வீட்டு நிலவறை மேல் விழுந்தது. பழைய பெட்டிகள், காற்றுப் போன சைக்கிள், ஒரே ஒரு குண்டு பல்பு. இவற்றைக் காலி செய்தால் இரண்டு தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, நீராவி இஸ்திரிப் பெட்டி எல்லாம் தாராளமாக அடங்கும். அடங்காதது ஒன்றுதான்: அவர் மனைவி.

மனைவியைத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓயாமல், மேல் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தினமும் காலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்.

"கீழே கடை போடுங்க, வேண்டாங்கல. ஆனா நான் பாடம் நடத்தும்போது ஒரு தடவை கரண்ட் போச்சு, மெஷின் வாசலுக்கு வந்துடும். பின்னாடியே நீங்களும்."

வயரிங் செய்ய டீச்சரின் தம்பி வந்தான். எலக்ட்ரீஷியன். ஆனால் அவன் வாய்க்கு ஸ்விட்ச் கிடையாது.

"அத்தான், உங்க இஸ்திரிப் பெட்டி இருக்கே, அது யானை. மத்ததோட சேத்துக் கட்டினா எல்லாத்தையும் மிதிச்சிடும். அதுக்குத் தனியா தடிச்ச வயர் இழுக்கணும். அக்கா கம்ப்யூட்டர் இருக்கிற பழைய லைன்ல அதைச் சொருகவே கூடாது. எது எங்க வரணும்னு பிளான் போட்டுக் குடுங்க."

பிளான் என்றால் மற்றவர்கள் ஒரு தாளில் நாலு கோடு போடுவார்கள். மாஸ்டர் சுவருக்கே சட்டை வெட்டினார். கடையில் கிடந்த பழுப்புத் தாளை ஒட்டி ஒட்டி, பதினெட்டு அடிச் சுவருக்குப் பதினெட்டு அடி பேட்டர்ன். வலது கோடியில் ஜன்னல் வெளிச்சம், அங்கே துணி வெட்டும் மேசை, பக்கத்தில் இஸ்திரிக்குத் தனி பிளக். இடது கோடி படிக்கட்டின் அடி, அங்கே அலமாரி, அதற்குப் பழைய லைனிலிருந்தே ஒரு சாதா பிளக். விளக்கும் ஈரக்காற்றை வெளியே தள்ளும் ஃபேனும் வாயால் சொன்னதோடு சரி. கடைசியாக, சுவரின் அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு காலிக் குழாய், அதற்குள் ஒரு கெட்டி நூல்.

"காலிக் குழாய் எதுக்கு அத்தான்? எலி ஓடவா?"

"மாப்ள, எந்தச் சட்டையிலயும் உள்ளே ஒரு இன்ச் துணி விட்டுத்தான் தைப்பேன். நாளைக்கு ஆள் பெருத்தா பிரிச்சு விடலாம்."

"சுவர் எங்கயாவது பெருக்குமா?"

"உன்னை ஒல்லியா பாத்தப்ப நானும் அப்படித்தான் நினைச்சேன்."

மச்சினன் வயிற்றை எக்கிக்கொண்டு குழாயைப் பதித்தான்.

பள்ளிச் சீருடை ஆர்டர் கழுத்தை நெரித்ததால் நாலு நாள் மாஸ்டர் நிலவறையை எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் வந்தால், வயரெல்லாம் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது, சுவர் புதுப் பெயிண்டில் பளபளத்தது, இரண்டு கோடியிலும் ஒன்றுபோல பிளக்குகள். மாஸ்டர் சுவரைத் தடவிப் பார்த்தார். தையல் தெரியவில்லை. பரம திருப்தி.

மெஷின்கள் வந்து இறங்கின. மறுநாள் காலை, மேலே டீச்சர் பின்னக் கணக்கில் மும்முரமாக இருந்தார். கீழே இரண்டு மெஷினையும் ஓடவிட்டு, மேசைக்குப் பக்கத்து பிளக்கில் மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். அது ஒரு பெருமூச்சு விட்டது. டப்! வீடு முழுக்க வாயடைத்துப் போனது. மேலே நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் இறங்கி வந்த வேகத்தில் படிகள் ஒதுங்கி வழிவிட்டன.

"மாஸ்டர்!" கோபம் வந்தால் மட்டும் டீச்சருக்கும் அவர் மாஸ்டர்தான். "மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் சொல்லிட்டேன். மீதி ஒரு பங்கு பிள்ளைங்க காதுக்குப் போகவே இல்ல."

"உன் தம்பி லைனை மாத்திட்டான்."

"நானா? நீங்க குறிச்ச இடத்தை ஒரு இன்ச் நகர்த்தியிருந்தா கேளுங்க!" முதல் ஓட்டத்தைப் பார்க்க வந்திருந்த மச்சினன், சுருட்டி வைத்திருந்த பழுப்புத் தாளைக் கொண்டுவந்து சுவரோடு விரித்துப் பிடித்தான். இஸ்திரி இடது கோடியில் இருந்தது, அலமாரி வலது கோடியில்.

மாஸ்டர் தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். துணியில் சாக்பீஸால் குறி போடுவது எப்போதும் கெட்ட பக்கத்தில்தான். நல்ல பக்கம்தானே வெளியே வரவேண்டியது? முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் கை, தாளுக்கும் அதே மாதிரி பின்பக்கத்தில் குறித்துவிட்டது. மச்சினனோ குறி தெரிகிற பக்கத்தை வெளியே வைத்து ஒட்டினான். வலது இடதாகிவிட்டது.

"ஆக மொத்தம், என் வீட்டுச் சுவருக்குச் சட்டையை உள்பக்கம் வெளியா மாட்டிவிட்டுட்டீங்க," என்றார் டீச்சர்.

"மேசையை இந்தப் பக்கம் போட்டுக்கோங்களேன் அத்தான்."

"படிக்கு அடியிலயா? அங்க இருட்டுல கறுப்பு நூலும் கருநீல நூலும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும்."

"வகுப்பைப் பன்னெண்டு மணிக்கு மாத்தியிருக்கேன்," என்றார் டீச்சர். "அப்பவும் போச்சுன்னா வாசல்ல உக்காந்து தைங்க. நல்ல வெளிச்சம்."

"சுவரை உடைச்சா ரெண்டு நாள் ஆகும் அக்கா," என்று மச்சினன் இழுத்தான்.

மாஸ்டர் சுவரின் அடியைக் காட்டினார். "உடைக்க வேண்டாம். எலி ஓடுற குழாய் இருக்கு."

மெயினை அணைத்தார்கள். மீதமிருந்த தடித்த வயரின் ஒரு முனையை இடது கோடியில் இஸ்திரி லைனோடு சேர்த்து, மறுமுனையை நூலில் கட்டியாயிற்று. வலது கோடியில் மச்சினன் இழுத்த இழுப்பில் நூல் முனகியது.

"டேய், தள்ளு! மாட்டுக் கயிறா அது? இவர் தைச்ச பாவாடைக்கெல்லாம் இத்தனை வருஷமா நாடா கோத்தது யாரு?" டீச்சர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மாஸ்டர் அந்தக் கோடியிலிருந்து வயரை ஊட்ட, இவர் இந்தக் கோடியிலிருந்து பதமாக வாங்கினார். நடுவில் ஒரு தடவை சிக்கியது.

"அவசரப்படாதீங்க. கொஞ்சம் பின்னாடி வாங்குங்க... ஆங், இப்ப விடுங்க."

பதினொன்றே முக்காலுக்கு வயர் வலது கோடியில் தலையை நீட்டியது. மச்சினன் வாயே திறக்காமல் அதை பிளக்கில் இணைத்தான். அவன் வாழ்க்கையிலேயே அதுதான் நீண்ட மௌனம்.

பன்னிரண்டு மணிக்கு மேலே பின்னம், கீழே இரண்டு மெஷின், கூடவே யானை. மாஸ்டர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார், அதற்கும் கரண்ட் இழுக்குமோ என்ற பயம். ஒரு மணி நேரத்தில் விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை.

பாடம் முடிந்து டீச்சர் இறங்கி வந்தார். மேசையிலிருந்த சாக்பீஸ் துண்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் முதுகை நிதானமாகத் தடவிக் கொடுத்தார்.

"சரி, மெஷின் இருக்கட்டும்."

டீச்சர் முதுகைத் தடவிக் கொடுக்கிற ஆளா என்று மாஸ்டர் யோசித்திருக்கலாம். சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. மாலையில் புது இடத்துக்கு வந்த முதல் வாடிக்கையாளரின் கால்சட்டை நீளம் பார்க்கக் குனிந்தபோது, அந்த ஆள் அவர் சட்டை முதுகில் சாக்பீஸால் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: "இது... பின்பக்கம்."

படிக்கட்டின் உச்சியில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"தட்டி விடட்டுமா மாஸ்டர்?"

"வேண்டாம்பா, இருக்கட்டும்," மாஸ்டர் நாடாவைக் கணுக்காலில் வைத்தார். "டீச்சர் திருத்திக் குடுத்த பேப்பர். பாஸ் போட்டிருக்காங்க."