ஒழுகாத பாத்தி

கொத்தனாருக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு: டேங்க்காரர். வீடும் கட்டுவார், மதிலும் எழுப்புவார். ஆனால் தண்ணீர்த் தொட்டி என்றால் அவரை விட்டால் ஆள் கிடையாது. கட்டி முடித்ததும் விளிம்பு வரை நீர் நிரப்பி, மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் பல் தேய்க்கும் முன்பே போய்ப் பார்ப்பார். கோட்டுக்குக் கீழே நூலளவு இறங்கியிருந்தாலும் அன்று அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவர் மனைவிகூட அன்றைக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வாள்.

அப்படிப்பட்டவரிடம் மகள் கேட்டது ஒரு பாத்தி. பிள்ளை பெற்ற ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் குனிய முடியவில்லை. மொட்டை மாடியில் இடுப்பு உயரத்துக்கு ஒன்று இருந்தால் நின்றபடியே கீரையும் கத்தரியும் போட்டுக்கொள்வேன் என்றாள். பழைய பலகையை அடித்துக் கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் தகர டிரம்மைப் பாதியாக அறுத்துக் கொடுங்கள் என்றாள்.

"பலகை உளுத்துப் போகும். தகரம் துருப்பிடிக்கும். நான் இருக்கிறப்ப எம்பொண்ணு டிரம்முல செடி வைக்கணுமா?" என்றார் கொத்தனார்.

எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்? செங்கல் வந்து இறங்கியது. தொட்டிக்குச் செய்கிற அத்தனையும் செய்தார். அடியில் கனமாகத் தளம் போட்டார், உள்மூலைகளை வளைத்துப் பூசினார், கலவையில் கசிவு தடுக்கும் மருந்தைக் கலந்தார், மேலே சிமெண்ட் பால் ஓட்டினார். தொட்டி என்றால் சுவர் மேல்தான் உட்கார வேண்டும், வெறும் தளம் பாரம் தாங்காது என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவர், இதை அந்தப் பழைய வீட்டு மாடியின் நட்ட நடுவில் கட்டினார். அங்கேதான் வெயில் விழும் என்று மகள் சொன்னாள். உள்ளே போகப் போவது மண்தானே, தண்ணீரா என்று அவரும் இருந்துவிட்டார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் மருமகன் மட்டும் மென்று விழுங்கிக் கேட்டான். "மாமா, அடியில ஓட்டை வேணாமா? ஊத்துற தண்ணி வெளிய போகணும்ல?"

"என் வேலையில ஓட்டையா?" கொத்தனார் சிரித்தார். "அளந்து ஊத்துங்க மாப்பிள்ளை."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கேட்கிற நமக்கே கோபம் வருகிறது. பாவம், அந்தப் பையன் தலையை ஆட்டிவிட்டு மண் சுமக்கப் போய்விட்டான். மாமனார் சொன்னபடி அவர்கள் அளந்துதான் ஊற்றினார்கள். கீரையும் வந்தது, கத்தரியும் பூத்தது. ஆனால் மழைக்கு அளந்து ஊற்றத் தெரியாதே.

பிடித்த மழை விடவில்லை. ஊரில் வேலை எதுவும் நடக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போன கொத்தனார், குடையை எடுத்துக்கொண்டு பேத்தியைப் பார்க்கக் கிளம்பினார். போனவர் வீட்டுக்குள் நுழையாமல், வெளிப்படியில் ஏறி நேரே மாடிக்குப் போனார். தன் வேலையைப் பார்க்காமல் அவருக்கு எதுவும் இறங்காது.

பாத்தி தளும்பிக்கொண்டிருந்தது. கத்தரிச் செடிகள் வேரோடு மிதந்தன. சுற்றி நடந்து பார்த்தார். வெளிச்சுவரில் எங்கேயும் கசிவு இல்லை. அந்த நிலையிலும் அவருக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவே வெட்கமான விஷயம், ஆனால் இருந்தது.

பிறகு காலடியைப் பார்த்தார். மாடியில் விழும் மழை ஓரத்துக் குழாய்க்குத்தான் ஓட வேண்டும். இங்கே நான்கு பக்கத்திலிருந்தும் நீர் பாத்தியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் தளம் இறங்கியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கீழே எதுவோ பொத்தென்று விழுந்தது.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. பாத்திக்கு நேர் கீழே இருந்த அறையில் கூரைப்பூச்சு பெயர்ந்து தரையில் கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, மெத்தையில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே கூரை பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி தொங்கியது. விரல் நுழைகிற விரிசலில் கம்பி தெரிந்தது. வாழ்நாளெல்லாம் கூரைக்குக் கீழேயும் மேலேயும் வேலை செய்த மனிதர், ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் மரம் மாதிரி நின்றார். அப்புறம் குழந்தையை வாரி எடுத்து, சமையலறையிலிருந்து ஓடி வந்த மகளின் கையில் திணித்தார்.

"வெளிய போ. எதையும் எடுக்காத. போ."

படிக்கட்டடியில் கிடந்த கடப்பாரையோடு மறுபடி மேலே ஏறினார். அந்தத் தளத்தில் இப்போது கால் வைக்கலாமா என்று வேறு யாராவது கேட்டிருந்தால் அவரே அறைந்திருப்பார். பாத்தியின் அடிச்சுவரில் ஓங்கிக் குத்தினார். கடப்பாரை எகிறியது, சுவர் அசையவில்லை. மறுபடி குத்தினார். கட்டினது எவனாவது ஒரு திருட்டுப்பயல் கொத்தனாராக இருந்திருக்கக் கூடாதா, கலவையில் பாதி மணலாக இருந்திருக்கக் கூடாதா என்று உள்ளுக்குள் கதறினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் ஒரு செங்கல் உள்ளே போனது. சேற்றுநீர் பீறிட்டு அவர் முழங்காலில் அடித்து, வந்த வேகத்தில் பள்ளத்தைத் தாண்டி ஓரத்துக் குழாயைத் தேடி ஓடியது.

கூரை விழவில்லை. கொத்தனார் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, எதிர்க்கடை வாசலில் ஒதுங்கியிருந்த மகளிடம் வந்தார். பேத்தி அம்மாவின் தோளில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பயம் போய்க் கோபம் வந்தது, அதைக் காட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

"வீட்டுல வேற ரூமே இல்லையா? போயும் போயும் குழந்தையை அங்கதான் படுக்க வைக்கணுமா?"

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மத்த ரூமெல்லாம் ஒழுகுதுப்பா," என்றாள். "அந்த ஒரு ரூம் மேலதான் நீங்க கட்டினது இருக்கு."