மொட்டையடித்த மகளும் துரையின் நாயும்

இது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

எங்கள் கம்பெனித் துரை ஆறு மாத விடுப்பில் சீமைக்குக் கப்பலேறியபோது, தன் நாயை, ஆபீசில் கணக்கு வழக்கு பார்க்கும் பெரிய கிராணியான என் பொறுப்பில் விட்டுப்போனார். மாஸ்டிஃப் என்று ஓர் இனம். கன்றுக்குட்டி உயரம்; எடை என்னைவிட அதிகம் இருக்கும். பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கு வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு அது வந்திறங்கிய அன்று அக்கம்பக்கத்தார் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

"வண்டியில பூட்டி ஓட்டலாம் போலிருக்கே, அண்ணே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

உருவத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது குரைப்பதே அபூர்வம். யாராவது வாசலுக்கு வந்தால் எழுந்து குறுக்கே நிற்கும். வந்தவர் தானாகவே திரும்பிவிடுவார். எச்சில் ஒழுக நம்மேல் சாய்ந்து நிற்பதுதான் அதற்குக் கொஞ்சல். நாம் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். லேசாகக் கடிந்துகொண்டால் போதும், அன்று சோற்றைத் தொடாது. அந்நியரைக்கூடக் கடிக்காது என்று துரை சொல்லியிருந்தார். கீழே தள்ளிக் காலால் அழுத்திப் பிடிக்குமாம். வீட்டார் பக்கத்தில் போய் அமைதியாகத் தட்டிக்கொடுத்தால் விட்டுவிடுமாம். ஆனால் கத்தக் கூடாது, கத்தினால் ஆபத்தென்று நினைத்து இன்னும் அழுத்தும் என்றார்.

என் ஆறு வயது மகளுக்கு அது நிழலாகிவிட்டது. என் மனைவி மட்டும் தொடமாட்டாள். தொட்டால் குளிக்காமல் சாமி விளக்கு ஏற்ற முடியாது என்பாள்.

போன வருடம் மகள் விஷக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் முடி தருவதாக முருகனுக்கு வேண்டியிருந்தோம். இது நடந்த அன்று காலையில்தான் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய் அதை நிறைவேற்றினோம். இடுப்புவரை இருந்த கூந்தல் போயிற்று. தலையிலும் கழுத்திலும் சந்தனத்தை அப்பினோம். புதுப் பாவாடை வேறு. ரிக்‌ஷா வீட்டு வாசலில் நின்றதும், நாயிடம் மொட்டையைக் காட்ட வேண்டுமென்று எங்களுக்கு முன்னே குதித்து ஓடினாள்.

நாய்க்குத் தெரிந்தது தலையும் வாசனையும் மாறிய ஏதோ ஒரு பிள்ளை. ஒரே பாய்ச்சல். மகள் மல்லாந்து விழுந்தாள். அவள் மார்பின்மேல் அந்தப் பெரிய கால். குழந்தைக்குக் குரலே வரவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் குரலை வைத்து அது அவளை அறிந்திருக்கும்.

துரை சொன்னதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. நான் அலறினேன். குடையால் அதன் முதுகில் அடித்தேன், குடைக்காம்பு முறிந்தது. நாய் அசையவில்லை, கால்தான் இன்னும் அழுத்தியது. குழந்தையின் உதடு வெளுத்துப்போனது.

"கத்தாதீங்க" என்றாள் மனைவி.

கால் கழுவ வைத்திருந்த வாளியில் முந்தானையை நனைத்துக்கொண்டு நாயின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு கையை அதன் கழுத்தில் வைத்தாள். மறு கையால் மகளின் தலையிலிருந்த சந்தனத்தை வழித்துத் துடைத்தாள். "நம்ம பாப்பாடா, நம்ம பாப்பா" என்று தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாய் குனிந்து முகர்ந்தது. திரும்பவும் முகர்ந்தது. சட்டென்று காலை எடுத்துவிட்டு, அந்த மொட்டைத் தலையை நக்கத் தொடங்கியது. அப்போதுதான் மகள் ஓவென்று அழுதாள். அந்த அழுகையைப் போல் இனிமையான ஓசையை நான் கேட்டதில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு எதுவும் முறியவில்லை என்றார். அன்றே நாயை வேறு யாரிடமாவது கொண்டுபோய் விடுவது என்று சங்கிலியை எடுத்தேன். மனைவி விடவில்லை.

"அது காவல்தானே காத்துச்சு? அடையாளத்தை மாத்தினது நாமதான்" என்றாள்.

நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகள்தான் உருண்டை உருட்டி ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே, "அப்பா, நீங்க மொட்டை போட்டா உங்களையும் தள்ளுமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது அவள் பள்ளிவிட்டு வரும்போது நான் வாசலில் காத்து நிற்கிறேன். வேலிக் கதவின் இடுக்கில் அவள் நீட்டும் கையை நாய் முகர்ந்து வாலை ஆட்டிய பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.