தொங்கும் குண்டுகள்

நான் வேலை பார்க்கும் மூணாறு விடுதியின் முன்வாசலில் ஒரு பழைய எண்ணெய் எஞ்சினுக்குப் பச்சை வண்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் உச்சியில் இரண்டு இரும்புக் குண்டுகள் தனித்தனிக் கம்பியில் தொங்குகின்றன. தங்க வருகிறவர்கள் அவற்றை விரலால் சுற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ராட்டினம் மாதிரி அழகாக இருக்கிறதாம். நான் ஒருநாளும் சுற்றிவிட்டதில்லை. அது மறையூரில் என் சித்தப்பா ஓட்டிய எஞ்சின்.

நாங்கள் வேலை செய்த ஆலைக்கொட்டகையில் எஞ்சினுக்குத் தனி அறை. காய்ந்த கரும்புச் சக்கையில் தீப்பிடிக்கக் கூடாதென்று நடுவில் சுவர் எழுப்பி, பெல்ட் போக மட்டும் ஓட்டை விட்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் சித்தப்பா. அந்தப் பக்கம் உருளைகளுக்குள் கரும்பைக் கொடுக்கும் சித்தி. நான் படிப்பை முடித்துவிட்டுக் கொப்பரையடியில் வெல்லம் உருட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. ஆனால் சித்தி என்ன செய்கிறாள் என்பதைச் சித்தப்பா குண்டுகளைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் குண்டுகளுக்குக் கவர்னர் என்று பெயர். எஞ்சின் வேகமெடுத்தால் குண்டுகள் விரிந்து மேலே எழும். எழும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளி எண்ணெயைக் குறைக்கும். கரும்பு புகுந்து எஞ்சின் திணறினால் குண்டுகள் இறங்கும், எண்ணெய் கூடும். எவ்வளவு கரும்பு போட்டாலும் வேகம் ஏறக்குறைய மாறாது. "உங்க சித்தி மூச்சு விடுறதுகூட இதுல தெரியும்" என்பார். குண்டுகள் கொஞ்ச நேரம் மேலேயே சுற்றினால், "வெத்திலை போடுறா" என்று சிரிப்பார். ஊரில் மற்றவர்கள் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பார்கள், இவர் குண்டைப் பார்க்கிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அன்று மத்தியானம் அவருக்கு டீ கொண்டுபோயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே குண்டுகள் இறங்கின. வழக்கத்தைவிட ரொம்பக் கீழே இறங்கி, ஏறாமல் அங்கேயே சுற்றின. எஞ்சின் அடிக்குரலில் உறுமியது, புகை கறுத்தது. சித்தப்பா டீயை ஊதிக்கொண்டே, "பாத்தியா புள்ள, ஒரு கட்டு முழுசா போட்டுட்டா. எப்படி இழுக்குது பாரு" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் பார்த்தேன். பிறகு குண்டுகள் மெதுவாக மேலே ஏறி, எப்போதும்போல விரிந்து சுற்றின. அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

"வெத்திலை போடுறா போல" என்றார் சித்தப்பா.

கரும்பு சுமந்து வந்த ஒருவர் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் சேலைத் தலைப்புச் சிக்கியிருக்கிறது, பின்னாலேயே கை போயிருக்கிறது. உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப் சின்னாறு தாண்டும்போதே சித்தி போய்விட்டாள். உருளைக்குள் போவது கரும்பா கையா என்று எஞ்சினுக்கு என்ன தெரியும். திணறியது, எண்ணெய் கேட்டது, கிடைத்தது, இழுத்தது. அது தன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

காரியம் முடிந்து சித்தப்பா மறுபடி எஞ்சினடியில் உட்கார்ந்தார். குண்டுகள் இறங்கும்போதெல்லாம் எண்ணெயை அடைத்துவிட்டுச் சுவரைச் சுற்றி ஓடினார். அப்படி ஆலை ஓட்ட முடியுமா? முதலாளி மின்மோட்டார் வைத்தார். எஞ்சின் பழைய இரும்புக்குப் போய், கை மாறி இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது.

போன மழைக்காலத்தில் என்னைப் பார்க்க வந்த சித்தப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "நின்னுபோன எஞ்சின்ல குண்டு தொங்கித்தான் கெடக்கும். தொங்குச்சுன்னா என்ன அர்த்தம், இன்னும் எண்ணெய் குடுன்னு அர்த்தம்" என்றார். பிறகு இரண்டு கைகளாலும் குண்டுகளைத் தூக்கி விரித்துப் பிடித்தார். அடியில் முட்டுக் கொடுக்க ஒரு கட்டை கொண்டுவரச் சொன்னார். "கேக்காம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறையூர் பஸ் ஏறினார்.

பார்க்க நன்றாக இல்லையென்று தோட்டக்காரர் கட்டையை எடுத்துப் போடுவார், நான் திரும்ப வைப்பேன். இன்று காலை மஞ்சு மூடிக் கிடந்தது, வாசலில் யாருமில்லை. கட்டையைக் காணோம். குண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டையைத் தேடத் தோன்றாமல் நானே இரண்டையும் தூக்கிப் பிடித்தேன். கைக்குள் அவை கீழே இழுத்தன. வெறும் கனம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுக்கப் பயமாக இருந்தது.