அந்துருண்டை போட்டு வைத்த ரீல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் நிறைய வரும். ஐந்தாவதோடு நின்றவன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவில் பேச்சு வராத காலத்து வெள்ளைக்காரப் படங்கள் எனக்குப் பிடிக்கும், அதிலும் குதிரைக்காரர்கள் வருகிறவை. நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் எழாது. அந்தப் படங்களில் ஒருவன் நடந்து வருவதிலேயே அவன் மனசு தெரிந்துவிடும். நடுவில் வரும் ஆங்கில எழுத்து போகும்வரை காத்திருப்பேன். போனில் நிறைய சேர்த்திருக்கிறேன். அசல் ரீல் ஒன்றுதான்.

அதை வாலாஜாபாத்தில் பழைய சாமான் கடை பாயிடம், ஓட்டும் மெஷினோடு வாங்கினேன். "பேசாத படத்துக்கு ஏத்த ஆளுதான் வந்துகீற நைனா" என்று சிரித்தார்.

சில தடவை ஓட்டிப் பார்த்தபின், பட்டுப்புடவை வைப்பதுபோல் வேட்டியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, அந்துருண்டை போட்டு, மனைவியின் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். கெட்டுவிடக் கூடாதென்று இரண்டு வருஷம் தொடவே இல்லை.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பெட்டியைத் திறந்தவள், "இன்னாங்க, புளிச்ச காடி மாதிரி நாறிக்கினு கீது" என்றாள். கவரைப் பிரித்தேன். கண் எரிந்தது. பிலிம் ஓரமெல்லாம் நெளிந்திருந்தது.

"பட்டுப்பொடவய வருஷத்துக்கு ரெண்டு தரம் நெழல்ல காத்தாடப் போடுவேனே, அத்த பாக்கல? உருண்ட போட்டத மட்டும் பாத்துகினீங்களா?"

அவள் சொன்னது சரி. நான் பாதிதான் பார்த்திருந்தேன்.

ஒரு வாரம் நிழலில் காற்றாட விட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலைச் சாத்தி ஓட்டினேன். அவளும் உட்கார்ந்தாள். பிலிம் சுருங்கியிருந்ததால் ஓட்டைகள் மெஷின் பல்லில் மாட்டவில்லை. படபடவென்று கிழிந்தது. நிறுத்திவிட்டு, மேல்சுற்றுகளை வெட்டி எடுத்தேன். மிச்சம் குதித்துக் குதித்து ஓடியது.

"முன்னாடி இன்னா வந்திச்சி?" என்று கேட்டாள்.

சொன்னேன். ஒருவன் ஆற்றங்கரையில் குதிரையை விட்டு இறங்குவான். தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடும். குதிரை குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பான். பிறகு குனிந்து குடிப்பான். எழும்போது பின்னால் ஒரு பெண் வெறும் குடத்தோடு நிற்பாள். அவன் நகர்ந்து வழி விடுவான்.

இந்தப் படத்தைப் போனில் தேட முடியவில்லை. பெயர் வந்த இடமும் வெட்டியதில் போய்விட்டது. அது இருந்த காலத்திலும், ஆங்கிலம் தெரியாத நான் அதைப் படித்ததில்லை. அந்தத் துண்டில் இருந்ததை மறந்துவிடுவேனோ என்றுதான் எழுதி வைக்கிறேன்.

ஆவணி பத்து, செவ்வாய்க்கிழமை.