ஷூ கடைக்காரருக்குக் கால் மரத்த கதை

படுத்தபடி சைக்கிள் ஓட்டிய ஒருவருக்கு இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்களாம். எனக்கு இதைச் சொன்னவள் என் அக்கா. அக்காவுக்குச் சொன்னவர் அவள் பள்ளியில் இயற்பியல் எடுப்பவர். அவருக்குச் சொன்னவர் அவருடைய பல் மருத்துவர், அதுவும் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, எதிர்க்கேள்வி கேட்க முடியாத நேரத்தில். எந்த ஊர், யார், எதற்காக எடுத்தார்கள் என்பதெல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டன. விரல்கள் மட்டும் பத்திரமாகக் கடல் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தன.

அக்கா அந்த விரல்களை எனக்கு அனுப்பி வைத்ததற்குக் காரணம் அத்தான்.

அத்தான் இருபத்தேழு வருடமாக ஒரே ஷூ கடையில் கால் அளவெடுப்பவர். கடை நடுவில் ஒரு குட்டை முக்காலி, அதன் முன்பக்கம் சரிவாக இறங்கும் ஒரு பலகை. அவர் முக்காலியில் உட்கார, வந்தவர் சரிவில் கால் வைப்பார். யார் முகமும் அவருக்கு நினைவில் நிற்காது. "போன வருஷம் வந்தாங்களே, வலது கட்டைவிரல் மேல தூக்கினாப்ல இருக்குமே" என்று சொன்னால் உடனே ஆளைச் சொல்லிவிடுவார்.

குனிந்து குனிந்து இடுப்பு போனது. சாதாரண சைக்கிளிலும் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தான் சளைக்கவில்லை. சாய்வு நாற்காலியில் சக்கரம் வைத்தாற்போல ஒரு சைக்கிள் வாங்கினார். முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். மூன்றே மாதத்தில் இடுப்பு வலி ஓடிப்போனது. இருபத்தேழு வருடம் ஊரார் காலடியில் உட்கார்ந்திருந்த மனிதர், ஐம்பத்திரண்டாவது வயதில் தன் இரண்டு பாதங்களையும் ஊரார் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு தெருவில் போனார். இதைவிட நாகரிகமாகப் பழிவாங்கியவரை நான் பார்த்ததில்லை.

ஒரே சிக்கல், நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் பாதம் மரத்துப்போகும்.

சைக்கிள் சங்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெடல் ரொம்ப உயரத்தில் இருக்கிறது, ரத்தம் ஏறாது என்றார் ஒருவர். கனமான கியரில் அழுத்தாதே, லேசான கியரில் வேகமாகச் சுற்று என்றார் இன்னொருவர். ஷூவின் அடியில் பெடலைப் பிடிக்கும் தகட்டைக் குதிகால் பக்கம் தள்ளு என்றார் மூன்றாமவர். அத்தான் மூன்றையும் செய்தார். நாற்பது நாற்பத்தெட்டானது. ஷூவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஷூ கடைக்காரரிடம் போய் ஷூ பற்றிப் பேச யாருக்குத் தைரியம் வரும்?

ஒரு ஞாயிறு, சவாரி முடிந்து வீட்டு வாசலில் இறங்கியவர், தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குப்பைத் தொட்டி மேல் விழுந்தார். அக்கா கணக்கு டீச்சர். அழவில்லை, பரீட்சை வைத்தாள்.

"கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க." பேனா முனையால் சுண்டுவிரலைத் தொட்டாள். "இது எந்த விரல்?"

"கட்டைவிரல்."

"சரி, இது?"

"நீ இன்னும் தொடவே இல்லையே."

பேனா அப்போது அவருடைய நடுவிரலில் குழி விழும் அளவுக்கு அழுந்திக்கொண்டிருந்தது.

தீர்ப்பு அங்கேயே வந்தது. அடுத்த மாதம் நூற்றைம்பது கிலோமீட்டர் சவாரி. பாதி வழியில் அக்கா காரில் காத்திருப்பாள். பத்து விரலில் ஒன்று தப்பானாலும் அன்று சாயங்காலமே சைக்கிளை விற்றுவிட வேண்டும். சைக்கிள் போனால் இடுப்பு வலி திரும்பும். வலி திரும்பினால் முக்காலியில் உட்கார முடியாது. முக்காலி போனால் அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது. இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் மாற்ற மாட்டாள், மதிப்பெண் விஷயத்தில் அவள் யாருக்கும் இளகியதில்லை.

நான் என்ன செய்ய முடியும்? தூரத்தில் இருப்பவர்கள் செய்வதைத்தான் செய்தேன், கவலைப்பட்டேன். கால் மரப்பது பற்றிக் கிடைத்ததையெல்லாம் இரண்டு மொழியிலும் படித்தேன். இரண்டு மொழியிலும் பயமாகத்தான் இருந்தது. கடைசியில் வீடியோவில் கூப்பிட்டேன்.

"அத்தான், அந்த ஷூவைக் கொஞ்சம் காட்டுங்க."

"என்ன மாப்ள, டாக்டர் ஆயிட்டியா?" காட்டினார். ஷூவைக் கழற்றிய பாதத்தில் அதன் தையல் அப்படியே அச்சாகியிருந்தது.

"இதுக்கு எப்படி அளவெடுத்தீங்க?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூடத்தில் சைக்கிளை நிறுத்தி, ஏறிச் சாய்ந்து, காலை மேலே தூக்கி நடித்தே காட்டினார். "விடிஞ்சதும் எந்திரிச்சு, இப்படிப் படுத்துக்கிட்டு, உங்க அக்கா ஸ்கேலை வெச்சு அளந்தேன். நான் என்ன நின்னுக்கிட்டா ஓட்டுறேன்? படுத்துத்தானே ஓட்டுறேன்! அப்ப படுத்துத்தான் அளக்கணும். இது எத்தனை பேருக்குத் தோணும், சொல்லு?"

"யாருக்கும் தோணாது அத்தான். கடைக்கு வர்றவங்களுக்கு எப்படி அளப்பீங்க?"

"சாயங்காலமா வரச் சொல்லி நிக்க வெச்சுத்தான். அப்பத்தானே கால் நல்லா வீங்கி, எடை இறங்கி, பாதம் விரிஞ்சிருக்கும்? விடியக்காலைல கால் சுருங்கிக் கெடக்கும். அந்த அளவுக்கு வாங்கிட்டுப் போனா, ஒரு மணி நேரத்துல சூடேறி வீங்கி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திப்புடும். இது கூடத் தெரியாம சில பேரு..."

கழற்றிப் போட்டிருந்த ஷூவை எடுத்து உள்ளே பார்த்தார்.

"நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற?"

"ஆமா அத்தான்."

"அதைப் பாரு." திரை இருண்டது.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். "டேய், கடை முதலாளியம்மா போன் பண்ணாங்கடா. உங்க அத்தான் நேத்து சாயங்காலம் கடையில தானே அந்தச் சரிவுல ஏறி நின்னு, தன் காலையே அளந்துக்கிட்டு இருந்தாராம். வீட்டுல ஏதும் பிரச்சனையான்னு ரொம்ப மெதுவா கேக்குறாங்க."

"அப்புறம்?"

"புது ஷூ வாங்கிட்டு வந்திருக்காரு. அகலம் ஜாஸ்தி. ஏன்னு கேட்டா, பழசு கலர் பிடிக்கலையாம்."

எனக்கு நன்றி எதுவும் வரவில்லை. ஷூ நிறத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே, எதற்கு நன்றி?

நூற்றைம்பது கிலோமீட்டர் சவாரிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் விடியலில் கிளம்பியபோது எனக்கு இங்கே மதியம். இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று, ஷூ கயிற்றைத் தளர்த்தி, விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி எழுதி அனுப்பியிருந்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கைக் கட்டைவிரல். கால் விரலாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எழுபத்தைந்தாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கேதான் பரீட்சை. கணக்குப் போட்டு வைத்திருந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே ஒரு புகைப்படம் வந்தது. காற்றடிக்கும் குழாய்ப் பக்கத்தில் சிமெண்ட் திண்டு. அதன் மேல் இரண்டு வெறும் பாதங்கள், சிவந்து, ஈரமாக. அக்காவின் கை, அதில் மூடி கழற்றிய பேனா. யார் எடுத்த படமோ, பாதத்துக்கு மேல் ஆளே இல்லை. கீழே ஒரு வார்த்தை இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். தையல் அச்சு இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். வெளிச்சம் சரியில்லை.

ஐந்து நிமிடம் பொறுத்தேன். பத்து விரலைத் தொட ஐந்து நிமிடம் போதும், அக்கா விடைத்தாளைத் திரும்ப ஒருமுறை சரிபார்த்தாலும் போதும். அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அத்தான் எண்ணை அழுத்திக் காதில் வைத்தேன்.

மணி போகிறது. இன்னும் போகிறது.