இரண்டு வாரம் மட்டும்

தெருவில் அவளை எல்லோரும் மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எழுபது வயதுப் பெரியவர்கூட அப்படித்தான். "என்னைவிட இருபத்தஞ்சு வயசு மூத்த தம்பி" என்று அவள் சிரிக்காமல் சொல்வாள். பத்தொன்பது வருடமாக அதே கவுண்டர், அதே மின்விசிறி. கடை முதலாளி வாரத்தில் ஒருநாள் தலைகாட்டிவிட்டுப் போவார். கடைக்கு மேலேயே ஓர் அறையும் சமையலறையும். அம்மா இருந்தவரை வீடு என்று சொன்னாள். இப்போது 'மேலே' என்கிறாள்.

பேச்சுக்குக் குறைவில்லாத வேலைதான். சாப்பாட்டுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று நாளெல்லாம் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவளைத் திருப்பிக் கேட்டவள் ஒருத்திதான். அவளுக்கு அப்போது ஆறு வயது.

அந்தச் சிறுமியை முதலில் அவள் அம்மா கூட்டி வந்தாள். அம்மா தையல் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவள். அப்பா லாரியோடு எங்கோ. குழந்தையின் இரண்டு கண்ணும் சிவந்து, இமை தடித்து, நூல்போல வெள்ளையாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. வெயிலும் வறண்ட காற்றும் புழுதியுமாக இருக்கும் மாதங்களில் இப்படிப் பல பிள்ளைகள் வருவார்கள். ஒவ்வாமை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. பெரியவளானால் தானாகவே அடங்கும். அதுவரை அரிக்கும், தேய்க்காமல் இருக்க முடியாது. டாக்டர் சீட்டில் இரண்டு சொட்டு மருந்து எழுதியிருந்தார். முதல் மருந்தை வெயில் காலம் முழுக்க விடவேண்டும். இரண்டாவது ஸ்டிராய்டு. அதற்கு எதிரே 'இரண்டு வாரம் மட்டும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

முதல் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். இரண்டாவது மறுநாளே கண்ணை வெளுக்க வைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் கண் சிவந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். உள்ளே விட்ட நாளிலும் தனி பெஞ்சு. பிள்ளைகள் 'செவப்பு லைட்டு' என்று பேர் வைத்து, அவள் நடந்து வந்தால் சிக்னலில் பிரேக் போட்ட வண்டிபோல ஒலியெழுப்பி நின்றார்களாம். அதனால் அம்மாவுக்கு அந்த இரண்டாவது பாட்டில்தான் மருந்து, மற்றது தண்ணீர். சீட்டு எப்போதோ தொலைந்தது. பிறகு காலி பாட்டில்தான் சீட்டு. பதினாலு நாளுக்கு ஒருமுறை சிறுமி பள்ளி விட்டு வரும்போது அதைக் கவுண்டரில் வைப்பாள். மருந்தக்கா புதிதை எடுத்துக் கொடுப்பாள்.

கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். முதல் வருடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். "டாக்டர் கொடுத்ததுதானேக்கா" என்றாள் அம்மா. அழுத்திச் சொன்னால் கடையை மாற்றிக்கொள்வார்கள். இது ஒரு வாடிக்கை போய்விடுமே என்ற கவலையல்ல. மருந்து வாங்க வந்த சிறுமி அதற்குள் மற்ற நாட்களிலும் வர ஆரம்பித்திருந்தாள். ஃபேக்டரி விட்டு அம்மா வரும்வரை கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். ஃப்ரிட்ஜில், இன்சுலின் தட்டுக்குக் கீழே, ஒரு டப்பாவில் அவளுக்கென்று ஈரத்துணி மடித்து வைத்திருந்தாள் மருந்தக்கா. குழந்தை அதைக் கண்ணில் போட்டுக்கொண்டு, அண்ணாந்தபடியே கேள்வி கேட்கும்.

"மருந்தக்கா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, பெரிய மனுஷி."

"என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்துச் சமைச்சது."

"பழையதா? அதான் மூஞ்சி அப்படி இருக்கு."

துணியை எடுத்ததும் விளையாட்டு. யாராவது மருந்துப் பெயர் சொன்னால் மருந்தக்கா எடுப்பதற்கு முன்னால் சிறுமி இடத்தைக் காட்டவேண்டும். "மூணாவது வரிசை, நீலப் பெட்டி!" பெட்டியில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுத்துப் பழகினாள். எட்டு வயதில் கடையின் பாதி அவள் விரல்நுனியில்.

அவளுக்கு ஒன்பது வயதான வருடம் முதலாளி புதிய அலமாரி போட்டார். ஒரு ஞாயிறு முழுக்க மருந்தக்கா பெட்டிகளை இடம் மாற்றினாள். திங்கட்கிழமை ஒருவர் வயிற்றுவலி மாத்திரை கேட்டார். "ரெண்டாவது வரிசை, ஓரத்துல!" என்று சிறுமி கையை நீட்டினாள். அங்கே இருந்தது இருமல் மருந்து. பெரிய சிவப்பு எழுத்து.

"நல்லாப் பாரு."

"அதான்கா. ஓரத்துல."

மருந்தக்கா அடுத்ததைக் கேட்டாள். அதற்கடுத்ததையும். எல்லாவற்றுக்கும் விரல் பழைய இடத்துக்கே போயிற்று. எத்தனை மாதமாக இவள் படிக்காமல், மனப்பாடமாகவே காட்டிக்கொண்டிருக்கிறாள்?

வந்தவரை அனுப்பிவிட்டு அவள் குனிந்தாள். "எவ்வளவு நாளா தெரியலை?"

சிறுமி ஸ்டூலின் காலை உதைத்தாள். "வெயில்ல போனாத்தான் வெள்ளையா இருக்கு. அம்மாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா பள்ளிக்கூடத்த நிறுத்திடுவாங்க." காலி பாட்டிலைக் கவுண்டரில் வைத்தாள். "இது குடுங்க, நாளைக்கு டெஸ்ட்டு."

"ஸ்டாக் இல்லை" என்றாள் மருந்தக்கா. மூன்று வருடத்தில் அவள் அந்தப் பெண்ணிடம் சொன்ன முதல் பொய்.

சிறுமியை ஸ்டூலிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கடையைப் பாதி சாத்தி, அவள் சாலையைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார்.

"என்ன மேடம், வழி தவறிட்டீங்களா? தலைவலி மாத்திரை உங்க கடையில தீந்துடுச்சா?"

"இந்தச் சொட்டு மருந்து. வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு வரும், இல்ல அதோட அம்மா வருவாங்க. குடுக்காதீங்க."

"நீங்க விக்கலாம், நான் விக்கக் கூடாதா? நல்ல நியாயம்."

"நான் வித்ததுதான் தப்பு. அந்தப் புள்ளைக்குக் கண்ணு தெரியலை."

அவர் பல் உள்ளே போயிற்று. "நான் குடுக்கலைன்னா அடுத்த தெருவுல குடுப்பான்" என்றார்.

"அங்கயும்தான் போறேன்."

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். நேராக இங்கே வரவில்லை. எதிர்க்கடைக்காரர் வழியிலேயே கூப்பிட்டு இனி அந்த மருந்து கிடையாது என்று சொல்லிவிட, அடுத்த தெருக் கடையிலும் கேட்டுவிட்டு வந்திருந்தாள். தலையில் இன்னும் ஃபேக்டரி நூல் ஒட்டியிருந்தது.

"தெரு பூரா தண்டோரா போட்டுட்டீங்களாக்கா? நாங்க என்ன திருடிட்டா போனோம்?"

"கோபப்படுங்க. ஆனா கேட்டுட்டுக் கோபப்படுங்க. இந்த மருந்து வருஷக்கணக்கா போட்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும், புரை விழும்."

"அது இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? மூணு வருஷமா எடுத்துக் குடுத்தது யாரு? ஃபேக்டரியில நானா தச்சேன் இந்த மருந்த?"

அந்த அம்மா சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. "நான்தான் குடுத்தேன்" என்றாள் மருந்தக்கா. "புள்ளையக் கேளுங்க."

அம்மா மகளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, சாலைக்கு அந்தப் பக்கம் காட்டினாள். "அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு?"

சிறுமி எதிர்க்கடையின் பெயரை ஒரே மூச்சில் சொன்னாள். அது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்.

"அதுக்குக் கீழ?"

கீழே, முந்தின வாரம் ஒட்டிய வீட்டு வாடகை விளம்பரம். கறுப்பில் கொட்டை எழுத்து. சிறுமி கண்ணைச் சுருக்கினாள், தேய்த்தாள், மறுபடி சுருக்கினாள். அம்மாவின் கை தோளிலிருந்து மெல்ல நழுவியது.

மருந்தக்கா கண் ஆஸ்பத்திரியின் பெயரையும் பஸ் நம்பரையும் ஒரு தாளில் எழுதினாள். "நாளைக்கே லீவு போட்டுப் போங்க. என்ன மருந்து, எத்தனை வருஷம், எல்லாம் இதுல எழுதியிருக்கேன். எந்தக் கடைன்னு கேட்டா இந்தக் கடைன்னே சொல்லுங்க."

படி இறங்கும்போது சிறுமி திரும்பினாள். "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ஒரு மாதம் கழித்து அம்மா மட்டும் வந்தாள், கையில் புதுச் சீட்டோடு. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அதிகம். பிரஷர் ஏறியிருந்தது, நல்லவேளை, கண் நரம்பு இன்னும் கெடவில்லை. ஸ்டிராய்டை நிறுத்திவிட்டு வேறு மருந்து எழுதியிருந்தார்கள். நிறுத்தியதும் கண் கோவைப்பழமாகச் சிவந்து, மூன்று வாரம் பிள்ளை இருட்டு அறையில் கிடந்தாளாம். 'ஒட்டாத நோய், வகுப்பில் சேர்த்து உட்கார வைக்கவும்' என்று டாக்டரிடமே கடிதம் வாங்கிப் பள்ளியில் கொடுத்திருக்கிறாள். வருடக் கடைசி லீவில் இரண்டு கண்ணுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன்.

"அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

அம்மா பையின் வாயை மூடித் திறந்தாள். "கூப்பிட்டேன்க்கா. உங்க பேரையே எடுக்கக் கூடாதுங்கறா. நீங்கதான் கெடுத்தீங்க, நீங்கதான் காட்டியும் குடுத்தீங்களாம். ரெண்டும் சேந்து கோபம்." பிறகு, நாகரிகத்துக்காக, "சின்னப் புள்ளை, மறந்துடுவா" என்றாள்.

அவள் மறக்கவில்லை. அம்மாவும் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே மருந்து வாங்கிக்கொள்ளத் தொடங்கினாள். மருந்தக்கா ஃப்ரிட்ஜிலிருந்த டப்பாவை எடுத்து, துணியைக் காயப்போட்டு, பிறகு கவுண்டர் துடைக்க வைத்துக்கொண்டாள். மாலை நாலு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது. மின்விசிறிச் சத்தம் அந்த நேரத்தில் மட்டும் கூடுதலாகக் கேட்டது. ஆபரேஷன் ஆகியிருக்குமா என்று எதிர்க்கடைக்காரரிடம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

காற்று கொஞ்சம் குளிர்ந்த மாதம் ஒன்றில், சாலைக்கு அந்தப் பக்க நடைபாதையில் அவர்களைப் பார்த்தாள். அம்மா முன்னால். பின்னால் சிறுமி, ஒரு பிடி வளர்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி. பக்கத்தில் அவள் வயதுப் பெண் ஒருத்தி ஏதோ தின்றுகொண்டே வந்தாள். நடுவில் பஸ்களும் லாரிகளும். கடைக்குள் விளக்கு போடாத நேரம். மருந்தக்கா கூப்பிடவில்லை, கை காட்டவுமில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தாள், அவ்வளவுதான்.

சிறுமி நின்றாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இந்தப் பக்கம் நேராகப் பார்த்தாள். முகம் கடுத்தது. வெடுக்கென்று கழுத்தைத் திருப்பிக்கொண்டு, தோழியின் கையைப் பிடித்து இழுத்தபடி நடந்தாள்.

அத்தனை அகலச் சாலை. உள்ளே மங்கல் வெளிச்சம். இருந்தும் யார் நிற்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்துதான் முகத்தைத் திருப்பியிருக்கிறாள்.

"என்னங்க, எவ்வளவு நேரமா கேக்கறேன்" என்றார் கவுண்டரில் நின்றவர்.

"சொல்லுங்க" என்றாள் மருந்தக்கா. அவர் சொன்ன மருந்து காதில் விழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள்.