எஞ்சினுக்கு அடியில் இரண்டு தூலம்

தேநீர்க் குவளை கைக்கு வந்ததும் அய்யாவு குடித்துவிட மாட்டார். மேசைமேல் வைத்து, குனிந்து, தேநீர் எந்தப் பக்கம் ஏறி நிற்கிறது என்று பார்ப்பார். சாய்ந்திருந்தால் குவளையை நாலு விரற்கடை நகர்த்துவார். பிறகுதான் முதல் மிடறு. கல்யாண வீடோ துக்க வீடோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "மேசையையும் லோரின்னு நெனப்பு," என்று முப்பது வருசமாகச் சொல்லி அலுத்துப் போனாள் அவர் மனைவி வீரம்மா.

லோரியில் வந்த பழக்கந்தான் அது. கனத்த இயந்திரங்களை இடம் மாற்றுவது அவர் தொழில். தூக்கிவைக்கும் சாதனம் எதுவும் கிடையாது. பின்சக்கரங்களுக்கு மண்ணில் இரண்டு குழி வெட்டி, வண்டியைப் பின்னால் இறக்குவார். லோரியின் தட்டு தானாகவே சரிந்து தரையைத் தொடும். உருளைக் கட்டைகளைக் கொடுத்து, சங்கிலியால் இயந்திரத்தை மேலே இழுப்பார். தட்டின் நடுவில் ஒரு கொட்டாங்குச்சியில் பாதித் தண்ணீர் இருக்கும். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்குத் தன் கண்ணைவிட அந்தத் தண்ணீரைத்தான் நம்புவார்.

1943. ஜப்பான்காரன் ஆட்சி. பெட்ரோல் இல்லாமல் லோரிகள் கரியடுப்பைச் சுமந்துகொண்டு இருமியபடி ஓடின. சோற்றுப் பானையில் மரவள்ளி வெந்தது. சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்; போனவர்கள் திரும்பி வரவில்லை. வேலைச் சீட்டு இல்லாத ஆம்பிளை பாசார் பக்கம் தலைகாட்டப் பயந்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ஜெய்னுலாபுதீன் முதலாளி மரவள்ளி மாவு ஆலை வைக்க அனுமதி வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்க்கும்போது ஆலை ஓட வேண்டும். ஓடினால் நான்கு பேருக்குச் சீட்டு: அய்யாவு, வீரம்மாவின் தம்பி ஜெயராஜ், சுமையேற்றும் இரண்டு பேர். ஓடாவிட்டால் நால்வரும் சயாம் போக வேண்டியதுதான். எஞ்சினோ கிள்ளானில், பூட்டிக்கிடந்த ஒரு ரப்பர் ஆலையில் இருந்தது. இரண்டு டன்.

புதன்கிழமை காலையில் ஏற்றினார்கள். பாதி வழியில் ஓடைமேல் ஒரு மரப்பாலம். பின்வாங்கிய வெள்ளைக்காரப் பட்டாளம் தகர்த்ததை யாரோ பலகை போட்டு ஒட்டியிருந்தார்கள். நடுப்பலகைகள் இற்றுப்போயிருந்தன. ஜெயராஜ் காலால் மிதித்துப் பார்த்தான்.

"மாமா, இதுல ஆடு போறதே சந்தேகம்."

"அப்ப திரும்பிடலாமா?"

"திரும்புனா சயாம். அங்கயும் பாலந்தான் கட்டணுமாம். இங்கயே பழகிக்கலாம் லா."

ஓடைக்கரையில் ஒரு பலகை வீடு. வாசலில் காத்தூன் பீவி மரவள்ளிச் சீவலைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அடியில் வைரம் பாய்ந்த இரண்டு தூலங்கள் கிடந்தன. அவள் புருசன் அகமது புது அடுப்படி கட்டுவதற்காக வாங்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தன் பெயரையும் சுட்டு வைத்திருந்தார். சண்டைக்கு முன்பு தாயாரைப் பார்க்க நாகூர் போனவர், கப்பல் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அய்யாவு சங்கதியைச் சொல்லித் தூலங்களைக் கேட்டார்.

"இது என் அடுப்படி, தம்பி. மழ பேஞ்சா கொடயப் புடிச்சிக்கிட்டு ஆக்குறேன்," என்றாள் அவள். நான்கு பேரையும் ஒருமுறை பார்த்தாள். "ஆளு நாலு, மரம் ரெண்டு. சரி, தூக்குங்க."

உடைந்த பலகைகளுக்கு மேல் சக்கரத் தடத்தில் தூலங்களைப் போட்டார்கள். ஜெயராஜ் தட்டில் குந்தி, கொட்டாங்குச்சியைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"மாமா, தண்ணி இடப்பக்கம் ஏறுது. நில்லுங்க."

இடப்பக்கத் தூலம் கொஞ்சம் மெலிசு. அய்யாவு வண்டியைப் பின்னால் எடுத்தார். காத்தூன் பீவி உள்ளே போய், தான் உட்கார்ந்து சமைக்கும் மணையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தூலத்தின் முனைக்கு அடியில் செருகினார்கள். இந்தத் தடவை தண்ணீர் அசைந்தது, சாயவில்லை. லோரி அக்கரை சேர்ந்தபோது மணை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"அந்தாண்ட இன்னொரு பாலம் இருக்கு, இதவிட மோசம்," என்றாள். "மரத்த எடுத்துட்டுப் போ. திருப்பிக் கொண்டாந்துடு."

"ஞாயித்துக்கிழம உங்க வாசல்ல கெடக்கும் அக்கா."

வியாழக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் எஞ்சினை இறக்கினார்கள். அதை உட்காரவைக்கும் மேடைக்குச் சிமெண்டு எங்கு தேடியும் அகப்படவில்லை. எல்லார் கண்ணும் தூலங்கள்மேல் போயிற்று.

"முதலாளி, இது நம்ம மரம் இல்ல," என்றார் அய்யாவு.

"வெலயக் குடுத்துடுவோம். நாளைக்கு வெள்ளிக்கிழம, அய்யாவு."

அய்யாவு துளைக்கருவியைக் கையில் எடுத்தார். துளை போட்ட மரம் பழைய மரமாகாது. வேறு யாரையும் தொடவிடாமல், அகமதுவின் பெயர்மேல் படாமல், நான்கு துளைகளையும் அவரே போட்டார்.

வெள்ளிக்கிழமை எஞ்சின் ஓடியது. அதிகாரி அதன்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். சீட்டு வந்தது. அன்று சாயங்காலம் ஜெயராஜ் வாங்குவதற்கு ஒன்றுமில்லாமலே பாசாருக்குப் போய், நடுரோட்டில் நடந்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அய்யாவு ஒரு மூட்டை மாவும், புது மணையும், முதலாளி கொடுத்த பணமுமாகப் போய் நின்றார்.

"மரம் எங்க?"

நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவள் மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பணத்தைத் தள்ளிவிட்டாள். "ஜப்பான் காசு அடுப்பு பத்தவைக்கத்தான் ஆவும். அடுப்படியே இல்ல. மாவ வச்சுட்டுப் போ. ஆனா மாவு வேற, மரம் வேற."

மாதம் ஒருமுறை மாவோடு போனார். மூங்கிலும் அத்தாப்பு ஓலையும் கொண்டுபோய் ஒழுகும் இடத்தை அடைத்தார். ஒவ்வொரு முறையும் அவள் "மரம் எங்க?" என்றாள். "ஓடுது அக்கா," என்றார் இவர். ஊரே பசியில் கிடந்த காலத்தில் ஒருவர் நிறைவாக வாழ்ந்தார் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் எஞ்சின் சத்தம் கேட்டால் அய்யாவுக்கு இரட்டிப்பாகப் பசித்தது. இரவில் நன்றாகத் தூக்கமும் வந்தது.

சண்டை முடிந்து, கப்பல் ஓடத் தொடங்கியதும் அகமது திரும்பி வந்தார். நேரே ஆலைக்குப் போய் எஞ்சின் பக்கத்தில் குந்தினார். எண்ணெய் அழுக்கை விரலால் துடைத்துத் தன் பெயரைப் பார்த்தார். அய்யாவு அதற்குள் தேடிப்பிடித்து இரண்டு புதுத் தூலங்களை வாங்கி வைத்திருந்தார்.

"நல்ல மரந்தான். இத வட்டியா வச்சுக்கிறேன்," என்றார் அகமது. "மொதல் இங்க கெடக்கு. எஞ்சின் நிக்கிற அன்னிக்குக் குடு."

"குடுத்துடறேன்."

காத்தூன் பீவிக்குப் புது அடுப்படி எழும்பியது. எஞ்சின் நிற்கவில்லை. ஆலை கைமாறியது, மரவள்ளி போய் மிளகாயும் மல்லியும் வந்தன, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

பல வருசம் கழித்து அய்யாவு இறந்த அன்று, ஜெயராஜ் மரியாதைக்கு ஒருநாள் ஆலையை நிறுத்தி வைக்கலாம் என்று போனான். பிரேதத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்த அகமது அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாத தம்பி. நின்னா மரத்தக் கேட்டுடுவேன்."